வண்டிக்கு டிஜிட்டல் ரேடியோ வாங்கலாமா? தேனி மாவட்டக் கம்பம் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரின் அனுபவம்

போன கார்த்திகை மாதம் கேரளத்துக் கட்டப்பனையிலிருந்து ஒரு சேட்டன் கம்பம்மெட்டு மலைப்பாதை இறங்கி என் கடைக்கு வந்தார். மனைவி இங்கிலாந்தில் நர்ஸ். லீவுக்கு வந்தபோது கணவர் காருக்கென்று அங்கிருந்தே ஒரு செட் வாங்கி வந்திருந்தார். பெட்டி பிரிக்காமல் இருந்தது. மேலே டி.ஏ.பி. பிளஸ் என்று பெரிதாகப் போட்டிருந்தது. "அண்ணா, இது டிஜிட்டல் ரேடியோ. மலையில கரகரப்பே வராதுன்னு அவ சொன்னா. இன்னைக்கே மாட்டித் தரணும்" என்றார்.

அவரிடம் உண்மையைச் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தப் பெட்டி கெட்ட பெட்டி இல்லை. இங்கிலாந்தில் அது அருமையாகப் பாடியிருக்கும். ஆனால் நம் நாட்டில் அது பிடிப்பதற்கு எந்த ஒலிபரப்பும் கிடையாது. கம்பத்திலும் இல்லை, கட்டப்பனையிலும் இல்லை, சென்னையிலும் இல்லை.

இருபது வருடத்துக்கு மேலாக கம்பத்தில் வண்டிகளுக்கு வயரிங்கும் செட்டும் பார்க்கிறேன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப், திராட்சை ஏற்றும் பிக்கப், சபரிமலை சீசனில் வரும் வேன், குமுளி டாக்ஸி எல்லாம் இங்கே நிற்கும். டிஜிட்டல் ரேடியோ போடலாமா என்று கேட்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். கேட்கிற ஒவ்வொருவரும் வேறு வேறு பொருளை மனதில் வைத்துக் கேட்கிறார்கள். அதனால் முதலில் அதைப் பிரித்துக்கொள்வோம்.

பலர் டிஜிட்டல் ரேடியோ என்று சொல்வது, திருகுகிற குமிழுக்குப் பதிலாக எண் காட்டுகிற செட்டை. 100.5 என்று திரையில் எழுத்து வரும், பட்டனை அழுத்தினால் அடுத்த ஸ்டேஷனுக்குத் தாவும். பெட்டி மேலும் 'டிஜிட்டல் டியூனர்' என்று அச்சடித்திருப்பார்கள். இது டிஜிட்டல் ரேடியோ இல்லை. ஸ்டேஷனைத் தேடிப் பூட்டி வைக்கிற வேலை மட்டும் டிஜிட்டல். காற்றில் வருவது பழைய எஃப்.எம். தான். டிஜிட்டல் என்று சொல்லி ஆயிரம் ரூபாய் கூடக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அடுத்தது அந்தச் சேட்டன் கொண்டுவந்த டி.ஏ.பி. வகை. ஐரோப்பாவில் இது நன்றாக வேரூன்றியது. நார்வே 2017இல் தேசிய அலைவரிசைகளில் எஃப்.எம்.ஐ நிறுத்திவிட்டு இதற்கு மாறியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 கடைசியிலிருந்து, ரேடியோ உள்ள புதுக் காரில் டிஜிட்டல் ரேடியோவும் இருக்கவேண்டும் என்பது விதி. இது வேலை செய்யும் அலைவரிசை 174 முதல் 240 மெகாஹெர்ட்ஸ் வரை. நம்முடைய எஃப்.எம். 88இல் ஆரம்பித்து 108இல் முடிந்துவிடும். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ ஆன்லைனில் வாங்குபவர்களுக்கு யு.எஸ்.பி.யில் சொருகுகிற சின்ன டி.ஏ.பி. பெட்டியைச் சேர்த்து விற்கிறார்கள். இங்கே அது பைசாவுக்குப் பயன்படாது. அமெரிக்காவில் ஓடுவது எச்.டி. ரேடியோ என்ற வேறு முறை. அதற்கும் இங்கே ஒலிபரப்பு இல்லை.

நம் நாட்டில் உண்மையாகவே காற்றில் வருகிற டிஜிட்டல் ரேடியோ ஒன்று உண்டு. அதன் பெயர் டி.ஆர்.எம். அகில இந்திய வானொலி தன் மீடியம் வேவ், அதாவது செட்டில் ஏ.எம். என்று வரும் டிரான்ஸ்மிட்டர்கள் பலவற்றில் இதைச் சேர்த்தது. சென்னை, திருச்சி, தூத்துக்குடி, பெங்களூரு, விஜயவாடா எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். மாருதி, ஹூண்டாய், மஹிந்திரா, டொயோட்டா கார்களில் சில மாடல்கள் கம்பெனியிலிருந்தே இந்த வசதியோடு வருகின்றன. ரேடியோவுக்குள் போய் ஏ.எம்., எஃப்.எம். என்று இருக்கும் இடத்தில் மூன்றாவதாக டி.ஆர்.எம். என்று இருக்கிறதா பாருங்கள். என் கடைக்கு வந்த எத்தனையோ பேருக்குத் தங்கள் காரில் அது இருப்பதே தெரியாது. நான் தொட்டுக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. கொச்சியில் இன்டாட் என்ற கம்பெனி இந்த ரிசீவருக்கான மென்பொருளைச் செய்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் நம் கைக்கெட்டும் தூரத்தில் இந்த வேலை நடக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

சரி, அது எப்படிக் கேட்கும்? சும்மா சொல்லக் கூடாது என்று ஒரு தடவை நானே கூடப் போய்ப் பார்த்தேன். எங்கள் ஊர் திராட்சை வியாபாரி ஒருவர் 2022இல் புதுக் கார் எடுத்தார். அதில் டி.ஆர்.எம். இருந்தது. திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு அடிக்கடி போகிறவர். "மாமா, அடுத்த தடவை போகும்போது நானும் வர்றேன், ரேடியோவை மட்டும் என் கையில விட்டுடுங்க" என்று சொல்லி ஏறிக்கொண்டேன். திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ், 100 கிலோவாட் நிலையம். அனலாக், அதாவது பழைய முறை ஒலி 936இல் இருக்க, அதை ஒட்டி டிஜிட்டலும் வரும்.

கம்பத்தில் ஒன்றும் இல்லை. சின்னமனூர் தாண்டியதும் திரையில் நிலையத்தின் பெயர் மட்டும் வந்தது, சத்தம் வரவில்லை. தேனி, பெரியகுளம் வரைக்கும் வருவதும் போவதுமாக இருந்தது. வத்தலக்குண்டு பக்கம் போனதும் ஐந்து நிமிடம் பாட்டு, பத்து விநாடி மௌனம் என்ற கணக்கு. திண்டுக்கல் பைபாஸ் தாண்டிய பிறகு பிடித்தது பாருங்கள், மணப்பாறை வழியாகத் திருச்சி போய்ச் சேரும்வரை விடவே இல்லை. மீடியம் வேவ் என்றால் எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி ஒரு சத்தம் பின்னாலேயே ஓடும் அல்லவா, அது சுத்தமாக இல்லை. நாதஸ்வரம் ஒன்று வந்தது. மாமா வண்டியின் வேகத்தைக் குறைத்துவிட்டார். சின்ன வயதில் அப்பாவின் வால்வு ரேடியோவில் அதே திருச்சி நிலையத்தைக் காதை ஒட்டி வைத்துக் கேட்டவன் நான். அந்த அலைவரிசை இவ்வளவு தெளிவாகப் பேசும் என்று நினைத்ததே இல்லை.

அன்று கவனித்த இரண்டு விஷயங்களைச் சொல்லவேண்டும். ஒன்று, அனலாக்கில் சிக்னல் குறைந்தால் இரைச்சல் ஏறும், ஆனால் என்ன பேசுகிறார்கள் என்று காது பிடித்துக்கொள்ளும். டிஜிட்டலில் அப்படி இல்லை. ஓர் அளவு வரைக்கும் சுத்தமாக வரும், அதற்குக் கீழே இறங்கினால் ஒரேயடியாக மௌனம். இரண்டு, ரயில்வே பாலத்துக்கு அடியில் போனால் சத்தம் நின்றுவிடும், வெளியே வந்தவுடன் திரும்பாது. இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் வரும். சின்னச் சின்ன வெட்டுகளைத் தாங்குவதற்காக ஒலியை நேரத்தில் கலைத்துப் பரப்பி அனுப்புகிறார்கள். அதை மறுபடி அடுக்கிச் சேர்க்க அந்த நேரம் வேண்டும்.

ராத்திரி திரும்பும்போது நிலைமை இன்னும் மாறியது. பகலில் மீடியம் வேவ் தரையை ஒட்டி வரும். இருட்டிய பிறகு வானத்தில் முட்டித் திரும்பி வருகிற அலையும் சேர்ந்துகொள்ளும். இலங்கையும் வடநாடும் ஏ.எம்.இல் கேட்பது அதனால்தான். அனலாக் பிரியர்களுக்கு அது கொண்டாட்டம். டிஜிட்டலுக்கு அது தொந்தரவு. பகலில் வத்தலக்குண்டு வரை ஓரளவு வந்தது ராத்திரி திண்டுக்கல்லுக்கு முன்னாலேயே அறுந்துபோனது.

இதை வைத்து நான் சொல்லும் முடிவு இதுதான். திருச்சி, சென்னை, தூத்துக்குடி என்று நிலையத்தைச் சுற்றி சமவெளியில் ஓடுகிறவர், புதுக் கார் எடுக்கப் போகிறார் என்றால், இரண்டு மாடலுக்கு நடுவில் மனம் ஊசலாடும்போது டி.ஆர்.எம். உள்ளதை எடுக்கலாம். ஆனால் நல்லா ஓடுகிற செட்டைக் கழற்றிவிட்டு, இதற்காகவே காசு போட்டு வேறு வாங்க வேண்டாம். கடையில் வாங்கிப் பொருத்துகிற டி.ஆர்.எம். கார் செட் நம் பக்கத்துக் கடைகளில் கிடைப்பதும் அரிது. வீட்டில் வைத்துக் கேட்கிற தனி ரிசீவர் பத்தாயிரத்துக்கு மேல் விலை வைத்து வந்தது. குமுளி, பீர்மேடு, பூப்பாறை, மூணாறு என்று மலையில் ஓடுகிறவர் டிஜிட்டலுக்கென்று ஒரு ரூபாயும் இப்போது செலவு செய்யக் கூடாது. அந்தக் காசுக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

"எஃப்.எம். எல்லாம் டிஜிட்டல் ஆகப் போகுதாமே, இப்பவே வாங்கி வச்சா என்ன?" என்று குமுளி டாக்ஸித் தம்பி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. தனியார் எஃப்.எம். நிலையங்களுக்கு டிஜிட்டல் ஒலிபரப்பைக் கொண்டுவரலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் டிராய் 2025 அக்டோபரில் பரிந்துரை செய்தது. சென்னை, டெல்லி, மும்பை, கொல்கத்தாவும், பெங்களூரு, ஐதராபாத் போன்ற இன்னும் ஒன்பது நகரங்களும் முதலில் என்று அதில் இருக்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே தொழில்நுட்பமாக இருக்கட்டும் என்றும் சொல்லியிருக்கிறது. 2021இல் டெல்லி, ஜெய்ப்பூரில் எஃப்.எம். அலைவரிசையிலேயே டிஜிட்டலை ஓட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். எஃப்.எம்.க்கு டி.ஆர்.எம். வருமா, எச்.டி. வருமா என்பது முடிவாகி, சென்னையில் ஓடி, அப்புறம்தான் மதுரையும் தேனியும். இன்றைக்கு ஒன்றை ஊகித்து வாங்கினால் நாளைக்கு மற்றது வந்து நிற்கலாம். ஏற்கெனவே மீடியம் வேவுக்கென்று செய்த டி.ஆர்.எம். செட்டும் எஃப்.எம். டிஜிட்டலை அப்படியே பிடிக்கும் என்று நம்பி வாங்கக் கூடாது. தம்பியிடம் பொறுத்திருக்கச் சொன்னேன்.

இப்போது அந்த நல்ல வேலைக்கு வருவோம். என்னிடம் "ரேடியோ எடுக்கல, டிஜிட்டல் போட்டுக் குடுங்க" என்று வருகிற பத்து வண்டியில் ஏழெட்டு வண்டிக்குத் தேவை புது ரேடியோ இல்லை, ஆன்டெனா.

ஒரு போடி ஜீப்பின் கதை. தினமும் விடிவதற்கு முன் பதினைந்து பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறும். அவர்களுக்குக் கோடை பண்பலைதான் வேண்டும், 100.5. கொடைக்கானல் மலைமேல் கோபுரம் இருப்பதால் எங்கள் பள்ளத்தாக்கு முழுக்க அது பாடும். ஜீப்காரர் புதிதாக ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ போட்ட நாளிலிருந்து பாட்டு இரைகிறது. அந்தப் பெண்களில் வயதான ஓர் அம்மா என்னிடமே வந்து, "தம்பி, பழைய பொட்டியையே மாட்டிக் குடுத்துடுப்பா, கேட்டுக்கிட்டே போனா மேடு தெரியாது" என்றார். செட்டை வெளியே இழுத்துப் பார்த்தால், பின்னால் ஆன்டெனா முனை பாதிதான் சொருகியிருந்தது. அவ்வளவுதான். அழுத்தி விட்டதும் தெளிந்துவிட்டது. காசு வாங்கவில்லை.

எல்லா வண்டியும் இப்படி ஒரு நொடியில் தீராது. ஆனாலும் பார்க்கவேண்டிய இடங்கள் கொஞ்சம்தான்.

முதலில் ஆன்டெனாவுக்குக் கரண்ட் கொடுக்கும் நீல வயர். இப்போது வரும் கார்களில் கூரைமேல் குட்டையாக ஒரு ஆன்டெனா இருக்கும். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால்பங்கு, அதாவது 75 சென்டிமீட்டர் கம்பி இருந்தால்தான் எஃப்.எம். நன்றாகப் பிடிக்கும். குட்டைக் கம்பியில் அந்த நீளம் இல்லாததால், அடியில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரை வைத்து ஈடு கட்டுகிறார்கள். அதற்கு 12 வோல்ட் வேண்டும். கம்பெனி செட் அதைத் தானாகக் கொடுக்கும். வெளிச் செட் மாட்டும்போது, செட்டிலிருந்து வரும் நீல வயரை அதற்குக் கொடுக்கவேண்டும். 'ஆன்டெனா' என்று அந்த வயரில் சிட்டையே ஒட்டியிருக்கும். அவசரத்தில் மாட்டுகிறவர்கள் அதை டேப் சுற்றி உள்ளே திணித்துவிடுகிறார்கள். ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் இல்லை, ரேடியோ இரைகிறது. வாங்கியவர் செட்டைத் திட்டுகிறார். சில கார்களில் இந்தக் கரண்ட் ஆன்டெனா கேபிள் வழியாகவே போகவேண்டும், அதற்கு ஒரு சின்ன இணைப்பான் தனியாக உண்டு. விலை சில நூறு ரூபாய்தான். செட் மாட்டும்போது பக்கத்தில் நின்று, "நீல வயர் எங்கே குடுத்தீங்க?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி உங்களுக்கு ஒரு செட்டின் விலையை மிச்சம் பிடித்துத் தரும்.

அடுத்தது சுறா மீன் துடுப்பு வடிவ ஆன்டெனா. பார்க்க அழகு என்று கம்பி ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுச் சுறா துடுப்பை ஒட்டுகிறார்கள். கம்பெனியிலிருந்து வருவதில் உள்ளே சர்க்யூட் இருக்கும். வெளியே வாங்குவதில் பெரும்பாலானவை வெறும் பிளாஸ்டிக், ஒட்டுவதற்குக் கீழே டேப். மேலே துடுப்பு இருக்கிறது, கீழே ஆன்டெனாவே இல்லை. அழகு வேண்டும் என்றால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பழைய கம்பியைக் கழற்றாமல் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பிறகு எர்த். இது மழைநாட்டுக்கே உரிய நோய். ஆன்டெனாவின் அடிப்பகுதி வண்டியின் உடம்பை, பெயின்ட் இல்லாத வெறும் தகரத்தைத் தொடவேண்டும். குமுளி, வண்டிப்பெரியார் பக்கம் ஓடும் வண்டிகளுக்கு இரண்டு மழைக்காலம் போனால் அந்த இடத்தில் துரு ஏறிவிடும். கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கொஞ்சம் கிரீஸ் தடவி இறுக்கினால் போதும். கேபிளுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் மட்டும் புதுக் கேபிள் போடவேண்டும். கம்பி, கேபிள், கூலி எல்லாம் சேர்த்து என் கடையில் ஆயிரத்துக்குள் முடிந்துவிடும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, சாவியை ஒரு திருகு திருப்பி ரேடியோவை மட்டும் ஓட விடுங்கள். கொஞ்சம் மெல்லிசாக வருகிற ஸ்டேஷனை வையுங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள். போன் சார்ஜர், டேஷ்கேம், எல்.இ.டி. ஹெட்லைட், கடைசியாக என்ஜின். எதைப் போடும்போது இரைகிறதோ அதுதான் ஆள். பெரும்பாலும் மலிவான சார்ஜராக இருக்கும். வெளியே மாற்றிய எல்.இ.டி. பல்பும் அதே அளவு படுத்தும். ஏ.எம்.இல் இது இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும். லோயர் கேம்ப் பவர் ஹவுஸ் பக்கம் மின்கம்பிகளுக்கு அடியில் போகும்போது எல்லார் வண்டியிலும் ஏ.எம். உறுமும். அது உங்கள் வண்டியின் குறை இல்லை.

வெளிநாட்டிலிருந்து செட் கொண்டுவருபவர்களுக்கு இன்னொன்று. ஜப்பான் செட்டில் எஃப்.எம். 76இலிருந்து தொடங்கி 90, 95க்குள் முடிந்துவிடும். 100.5 அதில் வரவே வராது. அமெரிக்கா செட் 0.2 என்ற கணக்கில் தாவும். 100.5 கிடைக்கும், 106.4 கிடைக்காது. ஏ.எம்.இலும் அது பத்துப் பத்தாகத் தாவும், நமக்கு ஒன்பது ஒன்பதாக வேண்டும். 936ஐ அதில் நிறுத்தவே முடியாது. செட்டிங்கில் பகுதி என்று ஒன்று இருக்கும். அதில் ஆசியா அல்லது ஐரோப்பா என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மாற்ற வழியில்லாத செட் என்றால் மாட்டாதீர்கள்.

அப்புறம் போன். நியூஸ் ஆன் ஏ.ஐ.ஆர். என்ற பிரசார் பாரதியின் செயலியில் இருநூறுக்கு மேற்பட்ட வானொலி நிலையங்கள் இலவசமாக வருகின்றன. புளூடூத்தில் இணைத்தால் கோட்டயத்தில் இருந்துகொண்டு கோடை பண்பலை கேட்கலாம். விநாடிக்கு 64 கிலோபிட் ஓட்டம் என்றால் மணிக்குச் சுமார் 29 எம்.பி. செலவாகும், தினசரி டேட்டாவில் அது ஒரு பொருட்டே இல்லை. டிஜிட்டல் ரேடியோ வேண்டும் என்று கேட்பவர்களில் பாதிப்பேருக்கு உண்மையில் வேண்டியது இதுதான், அதாவது தெளிவான சத்தம், தூரத்து ஸ்டேஷன். ஊருக்குள் ஓடுகிறவருக்கு இது போதும். ஆனால் லோயர் கேம்ப் தாண்டி வளைவில் ஏறும்போது டவர் போகும், குட்டிக்கானத்துக்கு அந்தப் பக்கம் இறங்கும்போதும் போகும். அந்த இடங்களுக்குப் பென் டிரைவில் நாலு பாட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

போன் இருக்கும்போது ரேடியோவே எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் 2018 ஆகஸ்டைத்தான் சொல்வேன். அந்த வருடம் 26 வருடத்துக்குப் பிறகு இடுக்கியில் செறுதோணி அணையைத் திறந்தார்கள். அந்த நாட்களில் ஒரு பிக்கப்பின் ஸ்டார்ட்டரைச் சரிசெய்யப் போய், வண்டன்மேட்டுக்கு மேலே மாட்டிக்கொண்டேன். முன்னாலும் மண் சரிந்திருந்தது, பின்னாலும் சரிந்திருந்தது. கரண்ட் இல்லை. கொஞ்ச நேரத்தில் போனில் டவரும் போனது. அந்த பிக்கப்பின் பழைய செட்டில் தேவிகுளம் நிலையம், 101.4, வந்துகொண்டே இருந்தது. மலையாளம் எனக்கு முக்கால்வாசி புரியும். எங்கே தண்ணீர், எங்கே பாதை இல்லை என்று அந்தக் குரல் சொன்னதை வைத்துத்தான் நாங்கள் மூன்று பேரும் இறங்காமல் அங்கேயே ஒரு தோட்டத்து லயத்தில் இரவு தங்கினோம். வீட்டில் என் மனைவிக்கு நான் எங்கே இருக்கிறேன் என்று மறுநாள் மதியம்தான் தெரிந்தது.

டி.ஆர்.எம்.இல் அவசர எச்சரிக்கை வசதி ஒன்று இருக்கிறது. நிலையம் அனுப்பினால், நீங்கள் வேறு நிகழ்ச்சி கேட்டுக்கொண்டிருந்தாலும் செட் தானாக எச்சரிக்கைக்கு மாறும், திரையில் எழுத்தாகவும் வரும். இந்த மலைக்கு அப்படி ஒன்று வேண்டும் என்று நான் மனதாரக் கேட்கிறேன். எஃப்.எம். டிஜிட்டல் ஆகும் நாளில், சென்னை, பெங்களூருக்கு முன்னால் இடுக்கிக்கும் நீலகிரிக்கும் வயநாட்டுக்கும் அது வரவேண்டும். இங்கேதான் மலை சரிகிறது. அந்த ஒலிபரப்பு வரும் நாளில், என் கடைக்கு வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் டிஜிட்டல் ரேடியோ போடச் சொல்லி நானே வற்புறுத்துவேன்.

அதுவரை, செட் வாங்கும்போது ஏ.எம். இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்கள் பலவற்றில் ஏ.எம். கிடையாது. பெட்டியில் எழுதியிருந்தாலும் நம்பாமல் கடையில் ஓட விட்டுக் கேளுங்கள். மின்சாரக் கார் எடுக்கிறவர்களும் இதைப் பார்க்கவேண்டும். மோட்டாரை ஓட்டும் இன்வெர்ட்டரின் இரைச்சல் ஏ.எம்.ஐக் கெடுப்பதால் சில கம்பெனிகள் அதை எடுத்தே விடுகின்றன. ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் கொடுப்பார்கள் அல்லவா, என்ஜினையும் ஏ.சி.யையும் மட்டும் பார்க்காமல், ரேடியோவையும் போட்டுக்கொண்டு நீங்கள் தினமும் போகிற பாதையிலேயே ஓட்டிப் பாருங்கள். டி.ஆர்.எம். இருந்தால் பகலில் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை. ஒலிபரப்பு நேரங்கள் மாறுகின்றன, சில டிரான்ஸ்மிட்டர்கள் நிறுத்தப்படுகின்றன. விற்பவர் சொல்வதையும் நான் சொல்வதையும் விட அன்றைக்கு உங்கள் காதில் விழுவதுதான் கணக்கு. கம்பெனி செட்டைக் கழற்றினால் அதைத் தூக்கிப் போடாமல் துணியில் சுற்றி வீட்டில் வையுங்கள். வயர்களைச் சேர்க்கும் கப்ளரை வெட்டாமல் மாட்டச் சொல்லுங்கள், வெட்டினால் திரும்பப் பழையதை மாட்டுவது பெரிய பாடு.

அந்தக் கட்டப்பனைச் சேட்டனின் செட்டைக் கடைசியில் மாட்டித்தான் கொடுத்தேன். மனைவி ஆசையாக வாங்கி வந்ததை எப்படித் திருப்பி அனுப்புவது? இங்கிலாந்து செட் என்பதால் எஃப்.எம்., ஏ.எம். அளவுகள் நமக்குச் சரியாகவே இருந்தன. டி.ஏ.பி. ஆன்டெனா கண்ணாடியில் ஒட்டுகிற வகை. அதைப் பிரிக்காமல் பெட்டியிலேயே வைத்துக் கொடுத்துவிட்டேன். காரின் கூரை ஆன்டெனா அடியைத் தேய்த்துத் துருவை எடுத்தேன், நீல வயரைக் கொடுத்தேன். 100.5ஐ முதல் பட்டனிலும் 101.4ஐ இரண்டாவதிலும் வைத்தேன். சாயங்காலம் அவர் போன் செய்தார். மெட்டு ஏறும்வரை கோடை வந்ததாம், புளியன்மலை தாண்டி இரண்டாவது பட்டனை அழுத்தினாராம். போனுக்குப் பின்னால் செண்டை மேளம் கேட்டது. "இது ரேடியோவா, கோயிலா?" என்று கேட்டேன். "ரேடியோதான் அண்ணா, தேவிகுளம். வீட்டு வாசல்ல நிறுத்திட்டும் இறங்க மனசு வரல" என்றார்.